ஆற்றங்கரைக் கல்லும் அயலூர்த் தாளும்

வடக்கு வாசல்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் வரலாறு – 14

சென்ற பகுதி 1863 செப்டம்பரில் நின்றது. அந்த ஆண்டு மே 30 அன்று பல்லாவரம் ராணுவ மைதானத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், நான்கு மாதம் கழித்து சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கு வந்தார். பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கத்து ஓடையில் கைக்கோடரிகள் கிடைத்தன. கல் கிடைத்த கதை அத்துடன் முடிகிறது. அந்தச் செய்தி தாளில் ஏறி உலகைச் சுற்றிய கதை அதைவிட நீளமானது. இந்த மண்ணைப் பற்றிய எழுத்து இந்த மண்ணில் இருப்பவர் கைக்கு வர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அதிலும் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபூட் தன் கண்டுபிடிப்பை விரிவாக எழுதி வெளியிட்டது 1866இல். ஏடு, ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’. 1812இல் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி நடத்தியது. முப்பத்தைந்து பக்கக் கட்டுரை. எந்தப் படிவில் கல் கிடந்தது, செம்புரைக் கல்லுக்கும் அதற்கும் என்ன உறவு, மனிதன் இங்கே வாழ்ந்தபோது கடல் எங்கே இருந்திருக்கும் என்றெல்லாம் நிதானமாக வாதிடும் எழுத்து அது. 1868இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் நடந்த தொல்வரலாற்று மாநாட்டிலும் ஃபூட் இதைப் பேசினார். 1873இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் நினைவேட்டில், பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலப்பரப்பின் நிலவியல் முழுவதையும் எழுதினார். கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மண்ணை முதன்முதலாக அறிவியல் கண்ணோடு விவரித்த பக்கங்கள் அவை.

யார் படித்தார்கள்? சொசைட்டியின் உறுப்பினர்கள் படித்தார்கள். அக்கால வழக்கப்படி கற்றோர் சங்கங்கள் தங்கள் ஏடுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டதால் கல்கத்தாவிலும் லண்டனிலும் படித்தார்கள். ஓடைக்கரையில் ஆடு மேய்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் கற்ற காலத்திலும் அந்த ஏடு சென்னையில் ஒன்றிரண்டு அலமாரிகளில்தான் இருந்தது. 1896இல் கன்னிமாரா நூலகம் திறந்தது. 1907இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகம் உருவானது. பொன்னேரிக்காரர் ஒருவருக்கு ஆராய்ச்சி நூலகம் என்றால் அது பட்டணத்துக்குப் போய், அனுமதிச் சீட்டு வாங்கி, ஒரு நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்துத் திரும்ப வேண்டிய இடமாகவே இருந்தது.

ஃபூட் சேகரித்த கற்கள் 1904இல் நாற்பதாயிரம் ரூபாய்க்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றின் விளக்க அட்டவணை, அவர் 1912இல் இறந்த பிறகு 1914இலும் 1916இலும் இரண்டு தொகுதிகளாக அச்சானது. பிறகு வி.டி. கிருஷ்ணசுவாமி கொசஸ்தலைப் படுகையை மறுபடி அலசினார். 1947இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ மூன்றாம் இதழில் அவர் எழுதிய கட்டுரை இந்தியக் கற்காலத்துக்கே ஒரு வரைபடம் போட்டுத் தந்தது. 1960களில் கே.டி. பானர்ஜி அதிரம்பாக்கத்தில் அகழ்ந்தார். அதன் முடிவுகள் முழு அறிக்கையாக வராமல், தொல்லியல் துறையின் ஆண்டு மலரான ‘இந்தியன் ஆர்க்கியாலஜி: எ ரிவ்யூ’வில் சில பத்திகளாக நின்றுபோயின. அகழ்ந்தவர் ஓய்வு பெற்றால் குறிப்பேடு மூட்டையாகிவிடும் என்பது அக்கால நிலை. அறிவு தொலைவதற்கு நூலகம் எரியத் தேவையில்லை. யாரும் அச்சிடாமல் விட்டாலே போதுமானது.

இந்தத் தேக்கத்தை முதலில் உடைத்தது ஸ்கேனர்.

சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, கணினி அறிவியலின் உச்ச விருதான டூரிங் விருதை 1994இல் பெற்றவர் ராஜ் ரெட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் முன்னெடுத்த பத்து லட்சம் புத்தகத் திட்டத்தின் இந்தியக் கிளையாக, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் துணையோடு, 2000களின் தொடக்கத்தில் ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ வந்தது. பழைய நூலகங்களுக்கு ஸ்கேனர்கள் போயின. லட்சக்கணக்கான நூல்கள் படமாயின. குறைகளும் ஏராளம்: பக்கம் விடுபடும், விரல் நிழல் விழும். தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் மனம்போன போக்கில் தட்டியதால், இருக்கிற புத்தகம்கூடத் தேடினால் அகப்படாது. 2017இல் பதிப்புரிமைச் சிக்கலால் அந்தத் தளமே மூடப்பட்டது. அதற்குள் ஆர்வலர்கள் அந்த நூல்களில் பெரும்பகுதியை அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு நகலெடுத்து வைத்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் ஸ்கேன் ஆனவை இன்று தனியார் அறக்கட்டளை ஒன்றின் வட்டுகளில் உயிரோடு இருக்கின்றன.

2004இல் கூகுளும் இறங்கியது. ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் பரிமாற்றமாகப் போய்ச் சேர்ந்திருந்த பழைய இந்திய ஏடுகள் அந்த வழியாக இணையத்துக்கு வந்தன. மெட்ராஸ் ஜர்னலின் தொகுதிகள், நிலவியல் துறை நினைவேடுகள், ஃபூட்டின் அட்டவணை எல்லாம் இன்று இலவசமாக இறங்கும். தொல்லியல் துறையும் தன் ஆண்டு மலர்களை இணையத்தில் போட்டிருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வரும் ஒருவர், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, தன் ஊர் மண்ணைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பக்கங்களைக் கைபேசியில் புரட்ட முடியும். முந்தைய நான்கு தலைமுறைக்கு இது வாய்க்கவில்லை.

மற்றொரு புதையல் கிழக்கே, கடலோரத்தில். பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிமுடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கே அதைத் தலைமையிடமாக வைத்திருந்தது. கம்பெனிக்காரர்கள் எழுதித் தள்ளியவர்கள். எத்தனை மூட்டைத் துணி, எந்த நெசவு ஊர், எந்த நாயக்கருக்கு என்ன நஜர், எந்தக் கப்பலில் எத்தனை பேர் என்று எல்லாம் கடிதமாகக் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தேவியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போயின. சென்னை ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பகுதி கொச்சியிலிருந்து வந்தவை. பழவேற்காட்டின் நினைவு இருப்பது தி ஹேக் நகரத்து தேசிய ஆவணக் காப்பகத்தில். தபன் ராய்சவுத்ரி 1962இல் வெளியிட்ட நூலும், யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் 1986இல் வெளியிட்ட நூலும், சஞ்சய் சுப்ரமணியம் 1990இல் வெளியிட்ட நூலும், அங்கே மாதக்கணக்கில் உட்கார்ந்து, பதினேழாம் நூற்றாண்டுக் கிறுக்கெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு எழுதியவை. அந்த எழுத்தைப் படிப்பது டச்சுக்காரர்களுக்கே தனிப் பயிற்சி.

அந்தச் சுவர் இப்போது இடிந்துகொண்டிருக்கிறது. காப்பகம் கம்பெனியின் ஆவணங்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ஹைகன்ஸ் நிறுவனம் ‘குளோபலைஸ்’ என்ற திட்டத்தில், ஆசியாவிலிருந்து போன ஏறக்குறைய 50 லட்சம் பக்கங்களைக் கையெழுத்து படிக்கும் மென்பொருளிடம் கொடுத்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றியிருக்கிறது. சில ஆயிரம் பக்கங்களை வல்லுநர்கள் கையால் படியெடுத்துக் காட்ட, மற்றதை இயந்திரம் அதைப் பார்த்துப் படித்துவிடுகிறது. வரிக்கு வரி சரியாக இருக்காது. மனிதப் பெயர்களில்தான் அது அதிகம் இடறும்.

பழவேற்காட்டுக்கு அந்தப் பெயர்களே முக்கியம். டச்சுக்காரர்கள் ‘மலய’ என்று எழுதிய அச்சுதப்பச் செட்டி, அவர் தம்பி சின்னண்ணச் செட்டி போன்ற பெருவணிகர்களை வரலாற்றாசிரியர்கள் ஏற்கெனவே தேடிப் பிடித்திருக்கிறார்கள். 1620களிலிருந்து பஞ்சத்திலும் போரிலும் பிடிபட்டு, இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களைப் பெயர் சொல்லித் தேட ஆள் இல்லை. எந்த எழுத்துப்பிழைக்குள் எந்தத் தமிழ்ப் பெயர், எந்தத் தெலுங்கு ஊர் ஒளிந்திருக்கிறது என்பதை ஆம்ஸ்டர்டாமில் இருப்பவரைவிடப் பொன்னேரியில் இருப்பவர் விரைவில் கண்டுபிடிப்பார். நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளில் இரண்டு பேராவது பழைய டச்சு மொழி கற்றாக வேண்டும். இதை ஒரு பக்கக் குறிப்பாக அன்றி, கோரிக்கையாகவே இத்தொடர் வைக்கிறது.

இனி புதிய எழுத்தின் கதை. அது வேறு திசையில் போனது.

1990களில் சென்னையின் ஆராய்ச்சி உலகம் இரண்டு சோதனைகளைப் பார்த்தது. ஒன்று, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கியதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் முகப்பேரில் 1994இல் நூலகமாக நிறுவ வழி செய்தது. முகப்பேர் அப்போது சென்னை மாவட்டத்தில் இல்லை. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அதற்குள் வந்தது. ஆக இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய ஆராய்ச்சி நூலகம், தரமணிக்கு இடம்பெயரும்வரை, அதுவாகவே இருந்தது. அங்கே முதலில் நடந்தது மைக்ரோஃபிலிம் எடுக்கும் வேலை. பொடிந்து உதிரும் தாளிலிருந்த எழுத்துகள் படச்சுருளுக்குப் போயின. டிஜிட்டல் பிறகு வந்தது. மற்றொன்று தரமணிக் கணித அறிவியல் நிறுவனம். இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை அச்சுக்கு முன்பே இலவசமாகப் போடும் ‘ஆர்க்சைவ்’ 1991இல் அமெரிக்காவில் தொடங்கியது. வெளிநாட்டு இணைப்பு நத்தை வேகத்தில் இருந்த காலத்தில் அதன் இந்திய நகலைத் தன் கணினியில் வைத்து, நாட்டுக்கே வாசலாக இருந்தது அந்த நிறுவனம். தபாலில் மூன்று மாதம் கழித்து வந்த இதழுக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு அது பெரிய விடுதலை.

அதே பத்தாண்டில் சென்னைக்கு வேறொரு வேலையும் வந்தது. அறிவியல் ஏடுகளை அச்சுக்கும் இணையத்துக்கும் தயார்செய்யும் வேலை. 1994இல் புதுச்சேரியில் இன்டெக்ரா, 1998இல் சென்னையில் டி.என்.கியூ. எனப் பல நிறுவனங்கள் எழுந்தன. ஆராய்ச்சியாளர் அனுப்பும் கரட்டுப் பிரதியைச் செப்பனிடுவது, சமன்பாடுகளை அடுக்குவது, மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது, தலைப்பு எது, ஆசிரியர் எவர், அட்டவணை எது என்று ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்.எம்.எல். குறி போடுவது. அந்தக் குறிகள் இருந்தால்தான் ஒரே கோப்பிலிருந்து அச்சுப் பக்கமும் இணையப் பக்கமும் தேடுபொறிக்கான தரவும் பிறக்கும். ஆம்ஸ்டர்டாம், லண்டன், நியூயார்க் பதிப்பகங்களின் ஏடுகளில் கணிசமான பங்கு இந்தக் கைகளைக் கடந்துதான் உலகுக்குப் போகிறது. அம்பத்தூரிலும் திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் பி.எஸ்சி. முடித்த பிள்ளைகள் பலருக்கு ‘இ-பப்ளிஷிங்’தான் முதல் வேலை. மூலக்கூறுகளையும் விண்மீன்களையும் பற்றிய கட்டுரைகளை எழுத்தெழுத்தாகத் திருத்திக் கொடுத்த பெண்ணுக்கு, தான் படித்த கல்லூரியின் நூலகத்தில் அதே கட்டுரையைத் திறக்க வழி இருக்கவில்லை. சந்தா கட்டும் வசதி அந்தக் கல்லூரிக்கு இல்லை.

இங்கேதான் அதிரம்பாக்கம் மறுபடி வருகிறது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அவர்களது சர்மா மரபு கல்வி மையமும் 1999 முதல் அங்கே பொறுமையாக அகழ்ந்தார்கள். படிவுகளின் காந்தத் திசையையும், புதைந்த குவார்ட்ஸில் இருந்த அலுமினியம், பெரிலியம் அணுக்களின் விகிதத்தையும் பிரெஞ்சு அறிஞர்களோடு சேர்ந்து அளந்தார்கள். 2011 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது: கைக்கோடரி செய்தவர்கள் இங்கே வாழ்ந்தது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன். 2018 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் அடுத்தது: கைக்கோடரியை விட்டு நுட்பமான செதில் கருவிகளுக்கு மாறிய இடைப் பழங்கற்காலம் இங்கே தொடங்கியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன். நவீன மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து எப்போது கிளம்பினர் என்ற விவாதத்தையே அந்த எண் கலைத்துப்போட்டது.

ஃபூட்டுக்கு முப்பத்தைந்து பக்கம் கிடைத்தது. ‘சயின்ஸ்’ கட்டுரைக்குக் கிடைத்தது நான்கு பக்கம். அகழ்குழிகளின் குறுக்குவெட்டு, அளவீட்டு அட்டவணை, கருவிகளின் விவரம் எல்லாம் இணையத்தில் தனிக் கோப்பு. மற்ற ஆராய்ச்சியாளர்கள் உண்மையில் அலசுவது அந்தத் துணைக் கோப்பைத்தான். டிஜிட்டல் காலத்தில் கட்டுரை முகவுரை போலச் சுருங்கிவிட்டது; ஆய்வின் சதையும் எலும்பும் வேறிடத்தில் இருக்கின்றன. பழைய ஏட்டை நூலகம் விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்தது. அது நூலகத்தின் சொத்து. மின்னிதழுக்கு நூலகம் கட்டுவது பெரும்பாலும் ஆண்டு வாடகை. கட்டணத்தை நிறுத்தினால், ஒப்பந்தத்தைப் பொறுத்து, கட்டிய ஆண்டுகளின் இதழ்களும் போய்விடலாம்.

தனி ஆளுக்கோ ஒரு கட்டுரைக்கு முப்பது டாலர் வரை கேட்பது வழக்கம். எல்லோருக்கும் திறந்து வைக்க விரும்பும் ஆராய்ச்சியாளரிடம் பதிப்பகம் பணம் கேட்கும். ‘நேச்சர்’ 2021இல் அந்த வசதியைத் தொடங்கியபோது வைத்த விலை 9,500 யூரோ. நம் ஊர்ச் சிறு ஆய்வு மையம் ஒன்றால் எண்ணிப் பார்க்கவும் முடியாத தொகை. இதனாலேயே, கசகஸ்தானில் பிறந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கிய சை-ஹப் தளத்தை இந்திய மாணவர்கள் நூலகமாகவே பயன்படுத்தினார்கள். 2020 டிசம்பரில் எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

எல்லாக் கதையும் இப்படி இல்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்க 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டமாக இருக்கும் பகுதிகளையும் சேர்த்து, உலகின் மிகப் பெரிய கள ஆய்வு ஒன்று நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற முதல் அறிக்கை 1979இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வந்தது. அந்த அறிக்கை இன்று முழுமையாக, இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டவர்களின் பிள்ளைகள் அதைப் படிக்கலாம். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு பொதுவில் இருப்பதே நியாயம்.

அரசு கண்ட வழி, நாடு முழுவதற்கும் ஒரே சந்தா. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஏடுகள், 6,300க்கும் மேற்பட்ட மத்திய, மாநில அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இரண்டின் பதிப்பகங்களும் அதில் உண்டு. பொன்னேரி அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்து மாணவருக்கு அதிரம்பாக்கக் கட்டுரை திறக்கும் காலம் வந்திருக்கிறது. இது சிறிய மாற்றமல்ல, வரவேற்க வேண்டியது. ஆயினும் இவ்வளவு பணமும் வாடகையாகவே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டு முடிந்தால் பேரம் மறுபடி முதலிலிருந்து.

இந்தப் பக்கத்து ஆய்வேடுகளுக்கும் ஒரு வீடு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தரச் சொன்னது. காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ அவற்றை உலகுக்கே திறந்து வைத்திருக்கிறது. பழவேற்காட்டு ஏரியின் மீன்வளம் முதல் தொழிற்பேட்டையின் நிலத்தடி நீர் வரை அங்கே தேடலாம். தமிழில் எழுதிய ஆய்வேடுகளில்தான் சிக்கல். பழையவற்றில் பல, ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழ் தெரியும். தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கிலக் குறிகள். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பிறகும் அந்தப் பழக்கம் உடனே போகவில்லை. ஆங்கில ஆய்வேடு ஒரு சொல்லில் அகப்படுகிறது. அதே ஊரைப் பற்றிய தமிழ் ஆய்வேடு இருந்தும் இல்லாததாகிறது. மென்பொருளால் மாற்றக்கூடிய கோப்புகள் இவை. பல்கலைக்கழகங்கள் மனம் வைத்தால் ஓரிரு ஆண்டில் முடியும் வேலை.

கல்லூரிக்கு வெளியே இருப்பவரின் நிலை இன்னும் பழையபடிதான். ஒரு நாடு ஒரு சந்தா, பொது நூலகங்கள் வழியே எல்லாக் குடிமக்களுக்கும் போய்ச் சேர்வது பின்னொரு கட்டத்தில் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதுவரை, கும்மிடிப்பூண்டி கிளை நூலகத்தில் நாளிதழ் படிக்க வரும் ஒருவர் கொசஸ்தலைக் கரையைப் பற்றி 1866இல் எழுதியதைப் படிக்கலாம். 2018இல் எழுதியதைப் படிக்க யாரையாவது கேட்க வேண்டும்.

(தொடரும்)

அடுத்த பகுதி: ஆரணியாற்றின் ஏரிகளும் கால்வாய்களும்